வரிசையில் நில்லாத கடன்

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு வரிசைகள் அணிவகுத்து நின்றதும், இமாம் தக்பீர் கட்டுவதற்கு முன்பாக, இறந்தவரின் நெருங்கிய உறவினர் ஒருவர் முன்வந்து அறிவிப்பார். "இவர் யாருக்கேனும் கடன் கொடுக்க வேண்டியிருந்தால் எங்களிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள், நாங்கள் பொறுப்பு" என்பதே அந்த அறிவிப்பு. ஒரு மனிதனின் வாழ்நாள் கணக்கு முழுவதும் அந்த இரண்டொரு சொற்களில் அடங்கிவிடுகிறது. சில வேளைகளில் கூட்டத்தில் ஒரு கை மெல்ல உயரும். பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும்.

2025ஆம் ஆண்டின் இறுதியில் அந்த அறிவிப்பைச் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. மையித்தாகக் கிடந்தவர் என் தாய்மாமா. அவருடைய மக்கள் இங்கிலாந்திலிருந்து வந்து சேர இயலாத நிலையில், மருமகனாகிய நான் எழுந்து நின்றேன். வரிசைகளில் ஒரு கையும் உயரவில்லை. மாமா கைமாற்று வாங்கியறியாதவர். ஆயினும் அவருக்கு ஒரு கடன் இருந்ததென்பது எனக்குத் தெரியும். அந்தக் கடனுக்குரியவர் வரிசையில் வந்து நிற்கக்கூடியவர் அல்லர். அந்தக் கடன் நேர்ந்ததற்கு நானும் ஒரு காரணம் என்பதால் இதனை எழுதுகின்றேன்.

எங்கள் வட்டாரத்திலிருந்து சிங்கப்பூருக்குப் போய் உழைத்தவர்கள் பலர். மாமாவும் இளமையிலேயே அங்குச் சென்றவர்தாம். 1971இல் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டு விலகியபோது, அவற்றை நம்பியிருந்த வேலைகளும் விலகின. அடுத்த ஆண்டு மாமா இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். பர்மிங்காமுக்கு அருகே இரும்பு வார்ப்பாலை ஒன்றில் வேலை. உலை வெப்பத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்றவர், 2010 மே மாதத்தில் 65 வயது நிறைந்ததும் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு ஜூலையில், மாமியுடன் ஊருக்கே திரும்பிவிட்டார். "பனியில் அடங்குவதற்கு மனமில்லை மருமகனே, நம் மையவாடி மண்ணே போதும்" என்று சொன்னது இன்றும் காதில் ஒலிக்கிறது.

அவருக்கு இரண்டு ஓய்வூதியங்கள் வந்தன. ஒன்று, வேலை செய்த காலத்தில் கட்டிய காப்பீட்டுப் பங்கிற்காகப் பிரிட்டிஷ் அரசு முதியோர்க்கு வழங்கும் பொது ஓய்வூதியம். 2010இல் அதன் முழு அளவு வாரத்துக்கு 97 பவுண்டு 65 பென்ஸ். மற்றொன்று, ஆலையின் ஓய்வூதிய நிதியிலிருந்து வாரத்துக்கு 60 பவுண்டு அளவில் வந்த சிறு தொகை. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 8,200 பவுண்டு. 2012-13இல் அது நம் பணத்தில் ஏறத்தாழ ஏழு இலட்ச ரூபாய்.

ஊருக்கு வந்த புதிதில் ஒரு நாள், திண்ணையில் அமர்ந்திருந்த மாமா என்னைக் கேட்டார்: "மருமகனே, நீ படித்தவன். இந்தப் பணத்துக்கு இங்கே வரி ஏதும் கட்ட வேண்டுமா?"

நான் சற்றும் தயங்காமல் விடை கூறினேன்: "வெளிநாட்டுப் பணத்துக்கு இங்கே வரி கிடையாது மாமா."

தொல்காப்பியம் கற்பிப்பவன் வரிச்சட்டத்துக்குத் தீர்ப்புச் சொன்னேன். அது நான் புனைந்த பொய்யன்று. ஊரெங்கும் உலவிய உண்மையின் ஒரு பாதி. துபாயிலும் சவூதியிலும் வேலை பார்ப்பவர்கள் அங்கே ஈட்டும் சம்பளத்துக்கு இங்கே வரி கட்டுவதில்லை. வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கில் அவர்கள் இடும் வைப்பின் வட்டிக்கும் வரியில்லை. ஆனால் அந்தச் சலுகைகளுக்குக் காரணம் பணம் வெளிநாட்டிலிருந்து வருவதன்று. அவர்கள் வெளிநாட்டில் குடியிருப்பதே காரணம். மாமாவோ ஊருக்குத் திரும்பிவிட்டவர். இந்த வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் எனக்குத் தெரியவில்லை. மாமா அதற்குப் பிறகு வேறு எவரையும் கேட்கவில்லை. படித்த மருமகன் சொல்லிவிட்டானல்லவா!

சட்டம் சொல்வது இதுதான். இந்தியாவில் நிலையாகக் குடியிருப்பவர், உலகின் எந்த மூலையிலிருந்து வருமானம் பெற்றாலும் அதனை இங்கே கணக்கில் காட்ட வேண்டும். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வகுத்த இந்த நெறியை, அதனிடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2025ஆம் ஆண்டின் சட்டமும் மாற்றவில்லை. பல்லாண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புவோர்க்குத் தொடக்கத்தில் ஒரு தவணை உண்டு. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் அவர் இங்குக் குடியிருப்பவராகக் கருதப்படாதிருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் அவர் இந்தியாவில் தங்கிய நாள்கள் 729க்கு மேற்படாதிருந்தாலோ, அயல்நாட்டில் விளைந்து அயல்நாட்டிலேயே கைக்கு வந்த வருமானத்துக்கு இங்கே வரியில்லை. திரும்பி வந்தவர் பலருக்கு இத்தவணை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் கிட்டும். மாமாவுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் இரு ஓய்வூதியங்களும் அங்குள்ள வங்கியிலேயே சேர்ந்தன. ஆகவே அவ்விரண்டு ஆண்டுகளும் பழுதின்றிக் கழிந்தன. பணம் நேரே இந்திய வங்கிக்கு வந்திருந்தால், அந்தத் தவணைக் காலத்திலும் அது வரிக்குரியதாகியிருக்கும். 2012-13 முதல் மாமா மற்றெல்லாரையும் போல முழுக் கணக்குக் காட்ட வேண்டியவராகிவிட்டார். அவரும் அறியவில்லை, நானும் அறியவில்லை.

இப்படியே ஆண்டுகள் பல சென்றன. 2024 நவம்பரில் ஒரு காலைப் பொழுது. அயல்நாட்டுச் சொத்தும் வருமானமும் உடையோர் அவற்றைத் தம் கணக்கில் தவறாது காட்ட வேண்டுமென வருமான வரித்துறை விழிப்புணர்வு இயக்கம் ஒன்றைத் தொடங்கியிருக்கும் செய்தியை நாளிதழில் படித்தேன். வங்கிக் கணக்குகளைப் பற்றிய தகவல்களை நாடுகள் தமக்குள் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில், இந்தியாவும் பிரிட்டனும் 2017 முதலே இணைந்திருக்கும் விவரமும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. செய்தித்தாளை மடித்து வைத்தபோது என் கை நடுங்கியது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் திண்ணையில் நான் சொன்ன ஒரு வரி நினைவில் வந்து நின்றது.

அன்று மாலையே மாமாவிடம் போய், "மாமா, நான் அன்றைக்குச் சொன்னது தவறாக இருக்கும் போலிருக்கிறது" என்றேன். அவர் சினக்கவில்லை. நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படியானால் நான் கடன்காரனா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி தண்டத்தை எண்ணி எழுந்ததன்று; எண்பதை நெருங்கிய ஒரு மனிதர் தம் மறுமைக் கணக்கை எண்ணிக் கேட்டது.

மறுநாள் திருநெல்வேலியில் ஓர் ஆடிட்டரிடம் சென்றோம். மாமா தம் பழைய தோல்பையில் எல்லாத் தாள்களையும் கொண்டுவந்திருந்தார். உடன் அவருடைய நண்பரும் வந்தார். அவரும் எங்கள் ஊர்க்காரர். இங்கிலாந்தில் பாதுகாப்பு அமைச்சகக் கிடங்கொன்றில் எழுத்தராக இருந்தவர். இருவரும் ஒரே நாட்டிலிருந்து ஒரே வகைக் கடவுச்சீட்டுடன் திரும்பியவர்கள். ஆனால் சட்டம் அவர்களை வேறு வேறாகப் பார்த்தது.

இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே, ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளும் வரி விதிப்பதைத் தவிர்க்க 1993இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி பொதுவான ஓய்வூதியத்துக்கு, அதைப் பெறுபவர் குடியிருக்கும் நாடு மட்டுமே வரி விதிக்கலாம். அரசுப் பணி செய்ததற்காக அரசு தரும் ஓய்வூதியம் மட்டும் இதற்கு விலக்கு. அதற்குக் கொடுக்கும் நாடே வரி விதிக்கும். ஆனால் பெறுபவர் தாம் குடியிருக்கும் நாட்டின் குடிமகனாகவே இருந்தால் அந்த உரிமை குடியிருக்கும் நாட்டுக்கு வந்துவிடும்.

"அப்படியானால் எனக்கும் விலக்குத்தானே? எனக்கும் பிரிட்டிஷ் அரசுதானே தருகிறது?" என்றார் மாமா.

அங்கேதான் பலர் இடறுகிறார்கள். அரசு தருவதெல்லாம் அரசுப் பணி ஓய்வூதியம் ஆகாது. காப்பீட்டுப் பங்கு கட்டியவர் எவர்க்கும் கிடைக்கும் பொது ஓய்வூதியம், அரசின் கருவூலத்திலிருந்தே வந்தாலும், இந்த விலக்கில் அடங்காது. ஆகவே மாமாவின் இரு ஓய்வூதியங்களும் இங்கே வரிக்குரியன. பிரிட்டிஷ் குடிமகனாகிய நண்பருக்கோ, அமைச்சக ஓய்வூதியம் இந்திய வரிக்கு அப்பாற்பட்டது. பொது ஓய்வூதியம் மட்டும் இந்தியக் கணக்கில் வரும். நண்பர் சற்று ஆறுதலோடு பெருமூச்செறிந்தபோது மாமா சிரித்தார்: "அண்ணே, நீங்கள் மேசையில் உட்கார்ந்தீர்கள், நான் உலை முன் நின்றேன். வரிச்சட்டமும் உட்கார்ந்தவருக்குத்தான் நாற்காலி போடுகிறது." ஆடிட்டரும் சிரித்துவிட்டார்.

"அங்கேயே வரி பிடித்துக்கொண்டுதானே மிச்சத்தை அனுப்புகிறார்கள்?" என்று நான் கேட்டேன். ஆடிட்டர் ஆலை நிதியின் ஆண்டிறுதித் தாளை எடுத்துக் காட்டினார். வரி என்ற கட்டத்தில் சுழியம் இருந்தது. பொது ஓய்வூதியத்தை எப்போதும் வரி பிடிக்காமலேதான் வழங்குகிறார்கள். மாமாவின் மொத்த வருமானமோ அந்நாட்டின் வரியில்லா வரம்புக்குள்ளேயே அடங்கியிருந்தது. ஆண்டாண்டாக அந்தத் தாள் மாமாவின் பையில் இருந்தது, நாங்கள்தாம் படிக்கவில்லை. இத்தகைய ஓய்வூதியத்தில் அங்கே வரி பிடித்திருந்தாலும், உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டி அந்நாட்டு வரித்துறையிடமே அதைத் திரும்பக் கேட்க வேண்டுமே தவிர, இங்குள்ள வரியைத் தவிர்க்க அதைக் காரணமாகக் கூற இயலாது.

கணக்குப் போடத் தொடங்கியபோது சிறு சிறு முடிச்சுகள் அவிழ்ந்தன. பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி மறு ஏப்ரல் 5இல் முடிகிறது. நம்முடையது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஆகவே அவர்களுடைய ஆண்டிறுதித் தாளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பொது ஓய்வூதியம் மாதந்தோறும் வராமல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை வருவதால், ஆண்டுக்குப் பன்னிரண்டன்று, பதின்மூன்று தவணைகள். பவுண்டில் கிடைத்த தொகையை ரூபாயாக்குவதற்கும் நம் விருப்பம்போல் ஒரு விலையைக் கொள்ளலாகாது. பாரத ஸ்டேட் வங்கி குறித்த நாளில் அந்த நாணயத்தை வாங்கும் விலைதான் அளவுகோல்.

அந்தத் தாள்களுக்கிடையே வேறொரு வேதனையும் வெளிப்பட்டது. மாமாவின் பொது ஓய்வூதியம் 2010இல் இருந்த 97 பவுண்டு 65 பென்ஸிலேயே உறைந்து நின்றது. பிரிட்டனில் வாழும் முதியோர்க்கு அது ஆண்டுதோறும் உயரும். இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் வாழ்வோர்க்கு உயர்வதில்லை. இதனை எதிர்த்துச் சிலர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றும், 2010இல் தோல்வியே கண்டனர். மாமாவைப் போன்றே உழைத்து அந்நாட்டிலேயே தங்கிவிட்டவர் 2025-26இல் வாரத்துக்கு 176 பவுண்டு 45 பென்ஸ் பெற்றார். "கொடுக்க வேண்டிய இடத்தில் எனக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள், அதற்காக நான் கொடுக்க வேண்டிய இடத்தில் குறைக்கலாமா?" என்று மாமா கேட்டதை, நான் எந்த நீதி நூலிலும் படித்ததற்கு ஈடாக மதிக்கின்றேன்.

2023-24ஆம் ஆண்டுக் கணக்கை 2024 டிசம்பர் 31க்குள் தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்தோம். பிரிட்டிஷ் வங்கிக் கணக்கையும் அதில் காட்டினோம். அயல்நாட்டுச் சொத்தை மறைத்தால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டம் பத்து இலட்ச ரூபாய் தண்டம் விதிக்கிறது. மாமா அவ்வப்போது பணத்தை ஊருக்கு வரவழைத்துவிட்டதால் அங்கே இருந்தது சொற்பமே; சிறு கணக்குகளுக்கு அச்சட்டம் தரும் விலக்கு அவரைக் காத்தது. பழைய ஆண்டுகளுக்குத் திருத்திய கணக்கைத் தாமே முன்வந்து தாக்கல் செய்யும் வழியையும் சட்டம் வைத்திருந்தது. முதலில் 24 மாதங்களாக இருந்த அந்தக் காலம் 2025 ஏப்ரலில் 48 மாதங்களாக நீண்டது. தாமதம் கூடக் கூட, வரியும் வட்டியும் போக, 25 விழுக்காட்டில் தொடங்கி 70 விழுக்காடு வரை கூடுதல் வரி ஏறும். 2020-21 முதல் மூன்று ஆண்டுகளுக்கும் அப்படியே கட்டி முடித்தோம். மாமியின் வளையல்கள் இரண்டு அதில் போயின. அதற்கு நான் பங்களிக்க முன்வந்தபோது மாமா மறுத்துவிட்டார்.

எஞ்சியவை 2012-13 முதல் 2019-20 வரையிலான எட்டு ஆண்டுகள். "இவற்றுக்கும் சேர்த்துக் கட்டிவிடுகிறேன்" என்றார் மாமா. ஆடிட்டர் தலையசைத்தார்: "ஐயா, அந்த ஆண்டுகளுக்கு நீங்களாக வந்து கணக்குக் கொடுக்கும் வாசல் அடைபட்டுவிட்டது. அரசு கேட்டால் கட்டலாம்."

வரி கட்ட மாட்டேன் என்பாரைத் தேடிப் பிடிக்கச் சட்டத்துக்கு ஆயிரம் வழிகள் உண்டு. கட்டுகிறேன் என்று வந்து நிற்கும் முதியவரிடம் வாங்கிக்கொள்ள ஒரு வழி இல்லை. அன்று பேருந்தில் திரும்பும்போது மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. சன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தது என் அறியாமையை.

சில நாள்கள் கழித்து, ஊர் ஹஜ்ரத்திடம் கலந்து பேசி, தம் வஸிய்யத் குறிப்பேட்டில் மாமா தம் கையாலேயே எழுதினார். எட்டு ஆண்டுகளுக்கும் ஆடிட்டர் போட்டுக் கொடுத்த தொகை ஆறு இலட்சத்தை ஒட்டி வந்தது. அது தம் சொத்தன்று, அரசின் அமானத்து. அரசு கேட்டால் வாரிசுகள் உடனே கொடுத்துவிட வேண்டும். சட்டப்படி கேட்கக்கூடிய காலம் கழிந்துவிட்டால், ஊரிலுள்ள அரசுப் பள்ளியின் தேவைக்கு அதைச் செலவிட வேண்டும். அதைத் தருமமென்று எவரும் சொல்லலாகாது. கடனை அடைத்ததென்றே கொள்ள வேண்டும். இதுதான் அவர் எழுதி வைத்தது. தொகையைத் தனி வைப்பாக வங்கியில் இட்டுவிட்டார்.

மார்க்க நெறியில், இறந்தவரின் கடனை அடைத்த பின்பே வாரிசுகள் பங்கு பிரிக்க வேண்டும். நாட்டின் வரிச்சட்டமும், இறந்தவர் செலுத்த வேண்டிய வரிக்கு அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகளே பொறுப்பு என்கிறது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மொழியில் எழுதப்பட்ட இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்வதை மாமாவின் குறிப்பேட்டில்தான் கண்டேன்.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. 2025-26 முதல் புதிய வரி முறையில், குடியிருப்போரின் 12 இலட்சம் வரையிலான இத்தகைய வருமானத்துக்குத் தள்ளுபடியால் வரியே இல்லாமற் போயிற்று. மாமாவின் வருமானம் அதற்குள் அடங்கியது. வரி கேட்காத காலம் வந்து சேர்ந்தபோது மாமா விடைபெற்றுவிட்டார். ஆயினும் அயல்நாட்டில் வங்கிக் கணக்கு உடையவர், வரி இல்லாவிட்டாலும் கணக்கைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். இப்போது ஆலை ஓய்வூதியத்தில் பாதி மாமிக்கு வருகிறது. அது குடும்ப ஓய்வூதியம். சம்பளமாகக் கொள்ளாமல் வேறு வருமானமாகக் காட்டி, அதற்குரிய சிறு கழிவைப் பெற வேண்டும். மாமா மறைந்த செய்தியை அங்கே எழுதித் தெரிவித்ததும், மறைவுக்குப் பின் வந்து சேர்ந்த ஒரு தவணையைத் திருப்பி அனுப்பியதும் நாங்கள் செய்த முதல் வேலைகள்.

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில் மலேசியாவிலோ, பிரிட்டனிலோ, பிரான்சிலோ உழைத்துத் திரும்பிய பெரியவர்கள் இருக்கக்கூடும். ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனி உடன்படிக்கை உண்டு. ஒன்றின் விதி மற்றொன்றுக்குப் பொருந்துமென எண்ணிவிடாதீர்கள். அவர்கள் எந்த ஆண்டு திரும்பினார்கள், எந்த நாட்டுக் குடிமக்கள், ஓய்வூதியம் எந்தப் பணிக்காக வருகிறது, முதலில் எந்த வங்கியில் வந்து விழுகிறது என்ற நான்கு வினாக்களையும் கேட்டறிந்து, தெரிந்தவரிடம் கொண்டு செல்லுங்கள். அவர்கள் உங்களைக் கேட்டால், அறிந்ததைச் சொல்லுங்கள். அறியாததை அறியேன் என்று சொல்லுங்கள். படித்தவர்களாகிய நமக்கு அந்த ஒரு சொல்தான் வாயில் வர மறுக்கிறது. 2010இல் அந்தத் திண்ணையில் அதனை நான் சொல்லியிருந்தால், எட்டு ஆண்டுக் கடன் ஒரு நல்ல மனிதரின் கடைசி நாள்களை வருத்தியிராது.

அன்று ஜனாஸாவில் அறிவிப்பைச் செய்துவிட்டு நான் சற்று நேரம் காத்திருந்தேன். எவரும் கேட்கவில்லை. "இருக்கிறது, எழுதி வைத்திருக்கிறார், நாங்கள் பொறுப்பு" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். இமாம் தக்பீர் கட்டினார்.